பொன்னாடைக்குப் பதில் தோடர் சால்வை: வாங்கியதும் போர்த்தியதும்

எங்கள் சிறு தேயிலை விவசாயிகள் சங்கத்தின் ஆண்டுப் பொதுக்குழு கடந்த டிசம்பர் மாதம் கோத்தகிரி அருகே ஒரு சமுதாயக் கூடத்தில் நடந்தது. இப்போதிருக்கும் தலைவரே மூன்றாம் முறையும் பொறுப்பில் தொடர வேண்டும் என்று உறுப்பினர்களில் பெரும்பாலோர் விரும்பினார்கள். அந்த விருப்பத்தைத் தீர்மானமாக எழுதுவது ஒரு வேலை. மேடையில் பொன்னாடை போர்த்தி அதை எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படி செய்வது இன்னொரு வேலை. செயலாளர் என்பதால் இரண்டும் என் தலையில் விழுந்தன. தீர்மானம் எழுத ஒரு மணி நேரம் போதுமானதாக இருந்தது. பொன்னாடை வாங்குவதற்குத்தான் ஏறத்தாழ ஐந்து வாரமும் உதகைக்கு மூன்று பயணமும் ஆயின. ஆகவே இந்த மதிப்புரையின் பெரும்பகுதி துணியைப் பற்றியே இருக்கும்.

தீர்மானத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன் கீழ் பதிவான சங்கம் எதுவானாலும், நிர்வாகிகள் தேர்வைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி, பிறகு மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் உரிய படிவத்தில் தாக்கல் செய்ய வேண்டும். அங்கே அடைமொழிகளுக்கு வேலை இல்லை. ஒருவர் முன்மொழிந்தார், இன்னொருவர் வழிமொழிந்தார், பொதுக்குழு ஏற்றது என்ற செய்தி இருந்தால் போதும். சட்டமன்றத் தேர்தலில்கூட அங்கீகரிக்கப்பட்ட கட்சியின் வேட்பாளரை ஒரே ஒரு வாக்காளர் முன்மொழிந்தால் போதும், சுயேச்சைக்குத்தான் பத்துப் பேர் தேவை. எங்கள் கூட்டத்திலோ முப்பத்தேழு பேர் தாங்களும் முன்மொழிவதாகக் கையெழுத்திட வரிசையில் நின்றுவிட்டார்கள். விதிப்படி இது தேவையில்லை என்று நான் விளக்கத் தொடங்கியபோது, கால் ஏக்கர் தோட்டம் வைத்திருக்கும் ஒரு பாட்டி, "தேவைக்காகவா கேட்கிறேன் தம்பி? நானும் இருக்கிறேன் என்று எழுதிக்கொள்" என்று புத்தகத்தைத் தம் பக்கம் இழுத்துக் கைநாட்டு வைத்தார். அந்தப் பக்கத்தை நான் கிழிக்கவில்லை. படிவத்தில் மட்டும் இரண்டு பெயர்களை எழுதினேன்.

இனி துணி. வழக்கம்போல, விழாப் பொருள்கள் விற்கும் ஒரு கடைக்குத்தான் முதலில் போனேன். அதன் பெயர் இங்கே வேண்டாம். மலையில் எந்தப் பேருந்து நிலையத்தின் அருகிலும் இப்படி ஒரு கடை இருக்கும். முன்புறம் கேடயங்களும் ஜிகினா மாலைகளும், பின்புறம் ஃபிளெக்ஸ் அச்சிடும் இயந்திரமும், நடுவில் கணினியுடன் ஓர் இளைஞரும் இருந்தார்கள். பொன்னாடை என்று சொன்னவுடன் கண்ணாடித் தாள் உறையில் மடித்து வைத்த ஒன்றை எடுத்து நீட்டினார். விலை 130 ரூபாய். பாலியஸ்டர் துணி, இரு ஓரங்களிலும் பொன்னிறக் கரை, நடுவில் மயில் போன்ற ஏதோ ஒன்று. விரித்துப் பார்த்தால் மடிப்புக் கோடுகள் நீங்கவில்லை. கரையைத் தடவிய விரலில் பொன்துகள் ஒட்டிக்கொண்டது. தோளில் போட்டால் நிற்காமல் வழுக்கி விழுகிறது. இதனால்தான் மேடையில் பொன்னாடை பெற்றவர்கள் உடனே அதைக் கழற்றிப் பக்கத்தில் நிற்பவரிடம் கொடுத்துவிடுகிறார்கள் போலும் என்று அப்போதுதான் தோன்றியது. அவசரத்துக்கு இருக்கட்டும் என்று ஒன்றை வாங்கி வைத்தேன்.

அத்தோடு விட்டிருக்கலாம். அந்த இளைஞர், "படம் மட்டும் கொடுங்கள் சார், வாசகம் எங்களிடமே இருக்கிறது" என்று ஃபிளெக்ஸ் பக்கம் என்னைத் திருப்பினார். அவர் திறந்த கோப்பில் 'எளிமையின் சிகரமே', 'ஏழைகளின் ஏந்தலே', 'மலைகளின் மன்னவரே' என்று நாற்பதுக்கும் குறையாத விளிகள் ஆயத்தமாக இருந்தன. எந்தத் தலைவரையும் எந்த விளிக்கும் கீழே பொருத்திக்கொள்ளலாம், கட்சிக்கு ஏற்பப் பின்னணி நிறம் மட்டும் மாறும். மறுநாள் கைப்பேசிக்கு அவர் அனுப்பிய மாதிரியில் எங்கள் தலைவரின் படமும், அதன் கீழே அதற்கு முந்தைய வாரம் பூப்புனித நீராட்டு விழா நடத்திய யாரோ ஒரு வீட்டாரின் பெயர்ப் பட்டியலும் இருந்தன. நான் ஃபிளெக்ஸ் கேட்கவே இல்லை என்பதை மூன்று முறை சொல்ல வேண்டியிருந்தது.

ஃபிளெக்ஸ் வேண்டாம் என்பது செயற்குழுவின் முடிவு. 2019 செப்டம்பரில் சென்னை பள்ளிக்கரணையில் சாலை நடுவே கட்டியிருந்த பேனர் சரிந்து, இரு சக்கர வாகனத்தில் சென்ற இளம்பெண் ஒருவர் உயிரிழந்த பிறகு, பெரிய கட்சிகளின் தலைவர்களே பேனர் வைக்காதீர்கள் என்று தொண்டர்களைக் கேட்டுக்கொண்டார்கள். அதற்கும் மேலாக, மாநிலம் முழுவதும் 2019 ஜனவரியில் பிளாஸ்டிக் தடை வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே நீலகிரியில் கட்டுப்பாடு வந்துவிட்டது; சுற்றுலாப் பயணியின் தண்ணீர் பாட்டிலைச் சோதனைச் சாவடியில் வாங்கி வைக்கிற மாவட்டத்தில் நாமே பத்தடிக்கு ஃபிளெக்ஸ் கட்டினால், கேட்பவர்களுக்குப் பதில் சொல்ல முடியாது.

எங்கள் தலைவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். அவருக்கு இதுவரை போர்த்திய பொன்னாடைகள் எங்கே போயின என்பதை அவர் வீட்டுக்குப் போன எவரும் அறிவர். ஒன்று துணி துவைக்கும் இயந்திரத்தின் மேல், ஒன்று தையல் இயந்திரத்தின் மேல், மீதி இரும்புப் பெட்டியில். 2017-இல் மு.க. ஸ்டாலின் தி.மு.க.வின் செயல் தலைவராக இருந்தபோது, பொன்னாடைக்குப் பதிலாகப் புத்தகம் தாருங்கள் என்று கட்சிக்காரர்களைக் கேட்டுக்கொண்டதற்கு இப்படிப்பட்ட பெட்டிகளும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம். பொதினி மலைப் பேகன் மயிலுக்குப் போர்வை கொடுத்தான்; மயில் அதை உடுத்தாது என்பது தெரிந்தே கொடுத்ததால் அது கொடைமடம் ஆயிற்று. நாமும் உடுத்தமாட்டார் என்று தெரிந்தே தலைவர்களுக்குப் போர்த்துகிறோம், ஆனால் 130 ரூபாய்க்கு யாரும் நம்மைப் பாடப்போவதில்லை.

நீலகிரிப் பழங்குடிகளான தோடர்கள் பூவேலை செய்யும் தோடர் சால்வையை வாங்கலாம் என்று சொன்னவர் எங்கள் செயற்குழுவில் வயதில் சிறியவரான ஒரு பெண். உதகைக்கு வரும் பெரிய பொறுப்பில் உள்ளவர்களுக்கு அரசு விழாக்களில் தோடர் சால்வை போர்த்துவது நாம் பார்த்துப் பழகியதுதான் என்றாலும், ஒரு சிறிய சங்கம் தன் தலைவருக்கு அதை வாங்குவது எங்கள் பக்கத்தில் புதிது. பொருளாளர் உடனே ஒரு தடை சொன்னார். தோடர்கள் இறந்தவரின் உடலைப் பூத்துக்குளியால், அதாவது பூவேலை செய்த அந்தச் சால்வையால்தான் போர்த்துகிறார்கள். அதை உயிரோடு இருக்கும் தலைவர் மேல் போடுவது சகுனத்துக்கு நல்லதா என்றார். கேலியாக எடுத்துக்கொள்ள முடியாத கேள்வி, ஏனென்றால் கூட்டத்தில் யாராவது ஒருவர் அதைக் கேட்டாலும் மரியாதை அவமரியாதையாகிவிடும்.

அந்தக் கேள்வியை அப்படியே உதகைக்குக் கொண்டு போனேன். தோடர் பெண்கள் சிலர் சேர்ந்து நடத்தும் விற்பனை நிலையம் அது. ஒற்றை அறை, இரண்டு மரப் பீரோக்கள், வெயில் விழும் சன்னலோரம் ஒரு பாய். பாயில் அமர்ந்து தைத்துக்கொண்டிருந்த மூத்தவரிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். அவர் ஊசியை நிறுத்தாமல், "பிறந்தாலும் இதுதான், கல்யாணத்துக்கும் இதுதான், போகும்போதும் இதுதான் அண்ணா. உங்கள் வேட்டி மட்டும் என்னவாம்?" என்றார். கோடி வேட்டியை நினைத்துப் பார்த்தேன். என்னிடம் மறுமொழி இல்லை. பொருளாளரிடம் இதைச் சொன்னபோது அவரிடமும் இல்லை.

அவர் தைப்பதை அரை மணி நேரம் பார்த்தேன், இந்த மதிப்புரையில் நான் உறுதியாகச் சொல்லக்கூடியது அதுதான். துணி பழுப்பு கலந்த வெள்ளைப் பருத்தி, இழைகள் கண்ணால் எண்ணும் அளவுக்குத் தடிப்பு. நூல் கம்பளி, சிவப்பும் கறுப்பும். மரச்சட்டம் இல்லை, வரைந்து வைத்த வடிவம் இல்லை, பென்சில் கோடுகூட இல்லை. ஊசி முனையால் குறுக்கிழைகளை எண்ணுகிறார், சிலவற்றைத் தூக்கி, சிலவற்றை விட்டு, நூலை உள்ளே செலுத்தி இழுக்கிறார். முழுவதும் இறுக்கிவிடாமல் முடிவில் ஒரு சிறு வளையத்தை விட்டுவிடுகிறார். வளையங்கள் பக்கம் பக்கமாக நிறைந்து வரும்போது துணியின் மேல் மேடு எழுகிறது, கண்ணை மூடித் தடவினாலும் எருமைக் கொம்பின் வளைவு விரலுக்குத் தெரிகிறது. நாம் பின்பக்கம் என்று நினைப்பதுதான் அவர்களுக்கு முன்பக்கம். பேச்சில் கணக்குத் தவறிவிட்டால் பிரித்துவிட்டு மறுபடி எண்ண வேண்டும். நான் அங்கே இருந்த அரை மணி நேரத்தில் இரண்டு முறை பிரித்தார், அதற்குக் காரணம் நான்தான் என்பதால் பேச்சை நிறுத்திக்கொண்டேன்.

இந்தப் பூவேலைக்குத் தோடர்கள் சொல்லும் பெயர் புகூர். 2013-இல் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அப்படியிருந்தும், சிவப்பு கறுப்புக் கோடுகளை இயந்திரத்தில் நெய்து அல்லது அச்சிட்டு அதே பெயரில் விற்பதைச் சுற்றுலாக் கடைகளில் பார்த்தேன், விலையில் கால் பங்குகூட வராது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் குழந்தைக்கும் வேறுபாடு தெரியும். கையால் செய்ததில் மேடு இருக்கும், ஒரு கொம்புக்கும் அடுத்த கொம்புக்கும் மயிரிழை வேறுபாடு இருக்கும், இரு பக்கத்திலும் வேலை தெரியும். அச்சிட்டதன் மறுபக்கம் மங்கலாகவோ வெறுமையாகவோ இருக்கும். தனியாகப் பார்க்கும்போது ஏமாற வாய்ப்பு உண்டு என்பதால், வாங்குபவர்கள் முதலில் மறுபக்கத்தைத் திருப்பிப் பார்ப்பது நல்லது.

விலைக்கு வருகிறேன். தோளில் போடும் சிறிய துண்டு அளவு 1,450 ரூபாய். நாங்கள் விரும்பிய முழுச் சால்வை 5,400 ரூபாய். பேரம் பேசவில்லை. ஒருவர் ஒரு வாரம் கண்ணைக் கொடுத்து எண்ணிய இழைகளுக்கு நான் என்ன குறைத்துக் கேட்பது? ஆனால் 5,400 ரூபாயை எங்கிருந்து எடுப்பது என்பதில் எனக்கும் சிலருக்கும் வாக்குவாதமே வந்தது. சங்க நிதியிலிருந்து எடுக்கலாம் என்றார்கள் சிலர். தலைவர் தொடர்வதை விரும்பாத உறுப்பினர்களும் எங்களிடம் இருக்கிறார்கள். அவர்களுடைய சந்தாவும் அந்த நிதியில் இருக்கிறது. அவர்கள் கொடுக்காத ஆதரவை அவர்கள் பணத்தில் போர்த்தக் கூடாது என்பது என் வாதம். கடைசியில் விருப்பமுள்ள ஐம்பத்து நான்கு பேர் ஆளுக்கு நூறு ரூபாய் போட்டார்கள். பெயர்ப் பட்டியல் எங்கும் படிக்கப்படவில்லை. விருப்பமில்லாதவர் யார் என்பது பட்டியலைப் படித்தால் தானாகவே தெரிந்துவிடும் அல்லவா?

இப்போது குறைகள். மூன்று வாரத்தில் தருவதாகச் சொன்ன சால்வை நான்கு வாரமும் நான்கு நாளும் கழித்துத்தான் வந்தது. இடையில் அவர்கள் மந்தில், அதாவது தோடர் குடியிருப்பில், ஒரு சாவு; அந்த நாள்களில் யாரும் ஊசியைத் தொடவில்லை. அதைக் குறையாகச் சொல்ல மனம் வரவில்லை, ஆனால் ஒரு தொலைபேசி அழைப்பில் சொல்லியிருந்தால் நான் வீணாக ஒருமுறை கோத்தகிரியிலிருந்து பேருந்தில் போய் வந்திருக்க வேண்டியதில்லை. நிலையத்தில் கைப்பேசி சமிக்ஞை கிடைப்பது அரிது, ஆகவே பணத்தை ரொக்கமாகக் கொண்டு போவது நல்லது. ரசீது கேட்டால் தருகிறார்கள், கேட்காவிட்டால் தருவதில்லை. என்னைப் போலக் கணக்குக் காட்ட வேண்டியவர்கள் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். புதுக் கம்பளி நூலின் வாசனை முதல் சில நாள்கள் சற்றுத் தூக்கலாக இருக்கும். இன்னொன்று, முன்கூட்டியே அளவு சொல்லாவிட்டால் அவர்கள் தங்கள் வழக்கப்படி முழு உடலையும் போர்த்தும் நீளத்துக்கே கணக்கிடுகிறார்கள். பூத்துக்குளி மேடைக்காகச் செய்யப்பட்ட துணி அல்ல, மலைக்காற்றுக்குச் செய்யப்பட்டது. உயரம் குறைந்தவருக்கு அது தரையில் புரளும். எங்கள் தலைவர் அப்படி ஒன்றும் உயரமானவர் அல்லர்.

பொதுக்குழு அன்று காலையிலிருந்தே மூடுபனி. கோத்தகிரிப் பக்கம் வளரும் கார்னேஷன் பூக்களில் கட்டிய ஒரு மாலை மட்டும் வாங்கியிருந்தோம், கீழிருந்து ஏறி வரும் ரோசா மாலை வேண்டாம் என்று விட்டுவிட்டோம். தீர்மானம் படித்து முடிந்ததும், முதலில் கைநாட்டு வைத்த அந்தப் பாட்டியையே மேடைக்கு அழைத்துச் சால்வையைப் போர்த்தச் சொன்னோம். எடை காரணமாக அவரால் ஒரே வீச்சில் போர்த்த முடியவில்லை. தலைவர் குனிந்து ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார். குனிந்த தலை நிமிரவில்லை. நீலகிரியில் வாழும் படுகர் சமூகத்தாரிடம் இளையவர் தலை தாழ்த்த, மூத்தவர் தலைமேல் கைவைத்து வாழ்த்துவது மரபு. பாட்டி சால்வையை மறந்துவிட்டு அவர் தலையில் கைவைத்து வாழ்த்தத் தொடங்கிவிட்டார். தோடர்களிடம் இன்னும் ஒரு படி மேல்: இளையவர் மண்டியிட, பெரியவர் தம் பாதத்தைத் தூக்கி அவர் நெற்றியில் வைப்பார். எங்கள் மேடையில் அதுவரை போகவில்லை. கைத்தட்டல் வழக்கத்தைவிட அதிகமாக இருந்தது என்று சொல்லமாட்டேன். பின்வரிசையில் மூன்று பேர் கைத்தட்டாமல் அமர்ந்திருந்ததையும் பார்த்தேன். அவர்கள் தேர்வின்போது மாற்றுக் கருத்தைச் சொல்லி, அது தீர்மானப் புத்தகத்திலும் எழுதப்பட்டிருக்கிறது.

ஒன்று மட்டும் வேறாக இருந்தது. சால்வையை அவர் கழற்றவில்லை. வரவேற்புரை, கணக்கு வாசிப்பு, பச்சைத் தேயிலை விலை பற்றிய நீண்ட சண்டை எல்லாம் முடியும்வரை அதைப் போர்த்தியபடியே இருந்தார். கூடத்தின் சன்னல்களில் இரண்டுக்குக் கண்ணாடி இல்லாததும் ஒரு காரணம் என்பதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஆனால் பார்த்துக்கொண்டிருந்த எங்களில் சிலருக்கு 2023 செப்டம்பர் நினைவுக்கு வந்தது. பச்சைத் தேயிலைக்குக் கட்டுபடியாகும் விலை கேட்டு நடந்த தொடர் உண்ணாவிரதத்தில் அவர் பந்தலில் உட்கார்ந்திருந்த நாள்களில் ஒருவரும் பொன்னாடை கொண்டு போகவில்லை. அந்த மழையில் எல்லோரும் வீட்டிலிருந்த கம்பளியையும் பிளாஸ்கில் வெந்நீரையும்தான் கொண்டு போனார்கள். யாரும் பேசவில்லை, படம் எடுக்கவில்லை, கம்பளியை மடியில் வைத்துவிட்டு வேலைக்குப் போனார்கள்.

ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் தருவேன்; ஒன்றைக் குறைப்பது சொன்ன நாளில் வராததற்காகவும், நாள் தள்ளிப் போவதை முன்னமே சொல்லாததற்காகவும். கட்சி நிகழ்ச்சிகளில் ஒரே மாலையில் நாற்பது பேருக்குப் போர்த்த வேண்டியவர்களுக்கு இது பயன்படாது; அவ்வளவு பேருக்குத் தைக்க ஆளும் இல்லை, நாளும் இல்லை. ஒரே ஒருவருக்கு, அவர் அடுத்த நாளும் அதை எடுத்துப் போர்த்துவார் என்று நம்பிக் கொடுப்பவர்கள் இரண்டு மாதம் முன்பே சொல்லி வைக்கலாம். அளவு சொல்லும்போது, பெறுபவரின் தோளிலிருந்து முழங்கால் வரை அளந்து கொண்டு போங்கள். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியரை அவருக்குத் தெரியாமல் அளப்பது எப்படி என்பதற்கு எங்களிடம் இன்னும் விடையில்லை.

சென்ற வாரம் இலை எடைபோடும் இடத்தில் காலை ஏழு மணிக்கு அவரைப் பார்த்தேன். சால்வையின் கீழ் ஓரத்தை மடித்து இரண்டு ஊக்குகள் குத்தி உயரத்தைக் குறைத்திருந்தார். தேயிலைக் கறை ஒன்று பட்டிருந்தது. கம்பளி நூலின் சாயம் போகாமல் எப்படித் துவைப்பது என்று தம் மனைவி கேட்கச் சொன்னதாகச் சொன்னார். உதகைக்குக் கேட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறேன். 130 ரூபாய்ப் பொன்னாடையைக் கடைக்காரர் திருப்பி எடுக்க மறுத்துவிட்டார்; அது இப்போது சங்க அலுவலகத்தில் பிரிண்டருக்கு உறையாக இருக்கிறது.